பெருக்காத பொடக்காலி

கதிர் வளைகிறது, ஒரு விரல் கனம்கூட இல்லாத குருவி வந்து தொற்றியதும் தினைக்கதிர் தலையை மெல்லத் தாழ்த்துகிறது, மண்ணைத் தொடப் போய்த் தொடாமல் அந்தரத்தில் நின்று ஆடுகிறது, அந்த ஆட்டத்தோடு குருவியும் தலைகீழாகத் திரும்பித் தடித்த அலகால் ஒரு மணியை உருவி உமியை மட்டும் துப்புகிறது, நான் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அடுப்பில் பால் இருக்கிறதா இறக்கிவிட்டேனா தெரியவில்லை, திரும்பினால் புடவை அசையும், புடவை அசைந்தால் அத்தனையும் எழுந்து போய்விடும் என்று கால் மரத்துப்போக நிற்கிறேன், இப்படி நின்ற காலைகள் எத்தனை, எண்ணப் பார்த்தால் எண்ணிக்கை நிற்பதில்லை, குருவி வராத காலைகளும் வந்த காலைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் காலையாகிவிட்டன, மில் லைன் வீட்டு ஜன்னலும், பெங்களூரில் மகள் படுத்திருந்த அறையின் ஜன்னலும், வடவள்ளிக்கு மேற்கே இருக்கும் இந்த வீட்டு ஜன்னலும் ஒரே ஜன்னலாகத்தான் நினைவில் வருகின்றன, அதற்கு அந்தப் பக்கம் குருவி, இந்தப் பக்கம் நான், எனக்குப் பின்னால் எங்கேயோ அவருடைய குரல்.

தினைக்குருவி என்று நாங்கள் சொல்வது, புத்தகத்தில் சில்லை என்று போட்டிருப்பார்கள், சிட்டுக்குருவியைவிடச் சிறியது, முதுகு காப்பிப்பொடி நிறம், மார்பில் மீன் செதிலை அடுக்கிவைத்த மாதிரி வெள்ளையும் பழுப்பும், ஆனால் நான் முதன்முதலில் பார்த்தபோது அது பச்சையாக இருந்தது. கல்யாணமாகி முதல் வருஷம், மில் தொழிலாளிகளுக்கான லைன் வீட்டில் இரண்டே அறை, சைக்கிளில் கூண்டு கட்டிக்கொண்டு ஒருவன் வந்தான், கூண்டு நிறையப் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகக் குஞ்சுக் குஞ்சுப் பறவைகள், வெளிநாட்டுப் பறவைங்கம்மா என்றான், என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்துகொண்டிருந்தவர், நான் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு ஒரு ஜோடி வாங்கிவிட்டார், பச்சை ஜோடி, கூண்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புள்ள, இந்தா உனக்குத்தான், என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன், மத்தியானம் இரண்டும் கிண்ணத்தில் இறங்கிக் குளித்தன, சிறகைச் சிலுப்பிச் சிலுப்பிக் குளித்தன, தண்ணீர் பச்சையாகியது, கூண்டின் அடித்தகடு பச்சையாகியது, கடைசியில் கம்பியில் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு பழுப்புக் குருவிகள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தன. சாயம் பூசியிருக்கிறான். அவர் எழுந்து ஓடினார், டேய் சைக்கிளு, டேய் நில்றா, என்று கத்திக்கொண்டே ரயில்வே கேட் வரைக்கும் ஓடினார், லைனில் எல்லாக் கதவும் திறந்தது, என்னாச்சு டீச்சர், நாச்சிமுத்தண்ணன் யாரை அடிக்கப் போறாரு என்று கேட்டார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்க் கூண்டைத் திறந்துவிட்டேன், இரண்டும் ஓட்டு விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தன, அந்தச் செதில் மார்பை அப்போதுதான் பார்த்தேன், இத்தனை அழகின் மேலா பச்சையைப் பூசினான் என்று இருந்தது, பிறகு அவை போய்விட்டன. அவர் வெறுங்கையோடு திரும்பி வந்து காலிக் கூண்டைப் பார்த்தார், எங்க புள்ள என்றார், தொறந்து உட்டுட்டனுங்க என்றேன், கோபிப்பார் என்று நினைத்தேன், நல்லதாப் போச்சு, பச்சையக் காட்டிலும் கழுவுனதுக்கப்பறந்தான் நெம்ப நல்லா இருந்துச்சு, என்று அதையும் கத்தித்தான் சொன்னார்.

கத்தல் என்றால் அது கோபமில்லை, நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடும் கொட்டகையில் முப்பத்தி நாலு வருஷம் நின்றவர்கள் எல்லோருக்கும் அந்தக் குரல்தான், பக்கத்தில் நிற்பவனிடம் தீப்பெட்டி கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கூப்பிட வேண்டும், காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், போன காதுக்குத் தன் குரலின் அளவு தெரியாது, நானோ ஆரம்பப் பள்ளி டீச்சர், முப்பது வருஷமும் உதட்டில் விரலை வைத்தே சம்பளம் வாங்கியவள், குரலை உயர்த்தாமல் நாற்பது பிள்ளைகளை உட்காரவைப்பேன் என்று ஹெட்மாஸ்டர் மெச்சுவார், அந்த விரலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். பஸ்ஸில் அவர் டிக்கெட் கேட்டால் உஸ், கோயிலில் வேண்டிக்கொண்டால் உஸ், மகள் சுகந்தியின் நிச்சயதார்த்தத்தில் கோபிச்செட்டிபாளையத்துச் சம்பந்தியம்மாவுக்கு இன்னொரு ஜிலேபி வைத்து, சாப்பிடுங்க, என்ன கூச்சம், என்று அவர் உபசரித்ததைப் பார்த்து அந்த அம்மா பயந்துபோய், நாங்க என்னங்க தப்புப் பண்ணிப்போட்டோம் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், எனக்கு மட்டும் முகம் எரிந்தது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள் சுகந்தி, இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, இது போட்டா மறுபடி மில்லுக்குள்ள நிக்கறாப்புல இருக்குது சாமி, என்று, மகளை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார், கழற்றி மேஜை டிராயரில் வைத்தார், அங்கேயே இருக்கிறது.

ரிட்டயர் ஆகி வந்த பணத்தில் இந்த வீட்டைக் கட்டினோம், பின்னால் நாலு சென்ட் வெற்றிடம், எங்கள் பக்கத்தில் பொடக்காலி என்போம், காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் காலி மனைகள், புல் ஆள் உயரம், ஒரு நாள் துணி காயப்போடும்போது அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கூட்டம் எழுந்து மறுபடி புல்லுக்குள் விழுந்தது, பழுப்பு, செதில் மார்பு, முப்பது வருஷம் கழித்து. கையில் பிழிந்த வேட்டியோடு அப்படியே நின்றேன், அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை, யாரும் பிடித்துக்கொண்டு வராமல், கூண்டில்லாமல், தானாக அவை என் பொடக்காலிக்கு வர வேண்டும். நல்ல எவர்சில்வர் தட்டு ஒன்றைத் துலக்கி உமியெடுக்காத தினையாகத் தேடி வாங்கிப் போட்டுவைத்தேன், மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன், எலுமிச்சை நட்டேன், தினமும் விடிந்ததும் சீமாற்றை எடுத்து ஒரு துரும்பில்லாமல் பெருக்கி, முளைத்த புல்லைக் கையால் கெல்லி, தண்ணீர் தெளித்து, வருகிறவர்களுக்கு இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டு ஜன்னலுக்குப் பின்னால் போய் நிற்பேன். காக்காய் வந்தது, புறா வந்தது, அணில் குடும்பத்தோடு வந்தது, தினைக்குருவி காம்பவுண்டுச் சுவர் வரை வந்து எட்டிப் பார்க்கும், தட்டைப் பார்க்கும், அப்போது பார்த்துக் குளியலறைக் கதவு திறக்கும், புள்ள, காப்பி ஆச்சா, என்று கேட்பார், சுவரில் இருந்தது பறந்திருக்கும். ஒரு நாளா இரண்டு நாளா, எப்போதும் அவர் கேட்கும்போதே அது பறந்தது, அல்லது அது பறக்கும்போதே அவர் கேட்டார், எது முன்னால் எது பின்னால் என்று நான் பார்க்கவில்லை, காரணம் கையில் தயாராக இருக்கும்போது யார் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு காலை, நாலு குருவி ஒன்றாகச் சுவரில் வந்து உட்கார்ந்து, ஒன்று தட்டைப் பார்த்து இறங்கவே போனது, பேப்பர்காரன் வந்துட்டானா புள்ள என்றார், நாலும் போய்விட்டன, நான் திரும்பி, நீங்க இருக்கற வரைக்கும் இந்த வூட்டுக்கு ஒரு குருவி வராதுங்க, என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அவருக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன், ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, என் உதட்டைப் படிக்க அவருக்கு எப்போதோ பழகிவிட்டது.

மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், எங்கீங்க என்றேன், பஸ் ஸ்டாப் பேக்கரிக்கு என்று கையால் காட்டினார், கேட் கிறீச்சிடக் கூடாதென்று தூக்கிப் பிடித்துச் சாத்தினார், பத்து மணிக்கு வந்தார், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். வீட்டிலும் குரலைக் குறைத்துக்கொண்டார், தன் குரலின் அளவு தெரியாதவர் குறைத்தால் எப்படி இருக்கும், வெறும் காற்றுதான் வந்தது, பாதி வார்த்தை எனக்கே கேட்காது, என்னங்க என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்று தலையாட்டுவார், அப்புறம் கேட்பதை விட்டேன், அவர் சொல்வதை விட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குள் நானே பேசிக்கொள்ளும்போதாவது சொல்ல வேண்டும், முதல் மாசம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, காலை ஆறிலிருந்து பத்து வரை வீடு பள்ளிக்கூட விடுமுறை நாள் மாதிரி, டிகிரி காப்பியை ஆறவிட்டுக் குடிக்கலாம், பெருக்கிக் கெல்லித் தெளித்துவிட்டு ஜன்னலில் நிற்கலாம், குருவி மட்டும் வரவில்லை, எட்டு மாசம் வரவில்லை, ராத்திரி அவர் விடும் குறட்டையில் பயந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

சுகந்திக்கு ஏழாம் மாசம் முடிந்தபோது இங்கே அழைத்து வந்து பிரசவம் பார்ப்பதாகத்தான் இருந்தது, டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நான் பெங்களூர் போனேன், ஆவணி கடைசியில் போனவள் மார்கழி பிறந்துதான் திரும்பினேன், நடுவில் அறையின் ஜன்னலில் புறாக்கள், மாடியிலிருந்து மாடிக்குப் பறக்கும், சுகந்தி தூங்குகிறாள், விழிக்கிறாள், அம்மா கால் பிடிச்சு விடு என்கிறாள், நான் பிடித்துவிட்டுக்கொண்டே கண்ணயர்ந்தால் பச்சைத் தண்ணீர் ஒரு கிண்ணம் நிறைய, அதில் இரண்டு குருவி, மூன்றாவதாக ஒன்று, விழித்துக்கொண்டால் மூன்றாவது சுகந்தியின் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும். கார்த்திகையில் ஒரு நாள் போன் வந்தது, காதில் வைக்கவே வேண்டாம், கையை நீட்டிப் பிடித்தாலே அறை முழுக்கக் கேட்டது, புள்ள, வந்துருச்சு புள்ள, இருவது இருக்கும், நம்ம பொடக்காலிலதான், பத்து மாசமாக இல்லாத குரல், பழைய குரல், அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், இரண்டாவதாக வந்தது சந்தேகம், வாயில் வந்தது இரண்டாவதுதான். என்னைச் சமாதானம் பண்ணறதுக்காகப் பொய் சொல்லாதீங்க, உங்க தொண்டைக்கு எந்தக் குருவிங்க நிக்கும், என்றேன். அந்தப் பக்கம் ஒரு தட்டு கழுவிய தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு, செரி புள்ள, சாமி நல்லா இருக்குதா, வெச்சர்றேன், என்று காற்றாகச் சொன்னார். அப்பா பாவம்மா என்றாள் சுகந்தி, உனக்கென்னடி தெரியும் என்றேன். அதற்கப்புறம் குருவியைப் பற்றி அவர் பேசவேயில்லை, நானும் கேட்கவில்லை, பையன் பிறந்தான், மூன்றே கால் கிலோ, கவலைப்பட நேரமில்லாமல் போனது.

குழந்தையையும் சுகந்தியையும் சம்பந்தி வீட்டார் வியாழக்கிழமை காரில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு, வீட்டை ஒழுங்குபடுத்த நான் மூன்று நாள் முன்னால் ரயிலேறி வந்தேன், ஸ்டேஷனுக்கு டிவிஎஸ்ஸில் வந்திருந்தார், மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது, வழியெல்லாம் பேரன் யாராட்ட இருக்கறான் என்று காற்றுக் குரலில் கேட்டுக்கொண்டே வந்தார். வீடு நான் நினைத்த அளவு மோசமில்லை, பின்வாசலில் ஒரு நாற்காலி கிடந்தது, அதன் கீழே படியில் வட்ட வட்டமாகக் காப்பித் தம்ளர் வைத்த கறை, மூன்று மாசத்துக் கறை, நான் பார்த்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் முன்பக்கம் போட்டுவிட்டார். பொடக்காலிக் கதவைப் படாரென்று திறந்தால் எனக்கு மயக்கமே வந்தது, இடுப்புயரத்துக்குக் காடு, புல்லும் பூண்டும், நடுவில் நாய்வால் மாதிரி என்னமோ தொங்கிக்கொண்டிருக்கிறது, என் எவர்சில்வர் தட்டு எங்கேயோ அடியில் முங்கிப்போயிருந்தது. என்னுங்க இது என்றேன், அப்படியே இருக்கட்டுமே புள்ள என்றார், ஒறம்பரை, சொந்தக்காரங்க வர்றாங்க, பச்சைக் கொழந்தை வர்ற வூடு, பாம்பு பூந்தாலும் தெரியாது, சம்பந்தியம்மா பார்த்தா என்னுங்க நெனைப்பாங்க, நாளைக்கே மாராத்தாளை வரச் சொல்லி அறுத்துப் போடணும், என்று நான் அடுக்கினேன். அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு, உன்ற இஷ்டம் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குக் கேட்டைத் தூக்கிப் பிடித்துச் சாத்திக்கொண்டு போனார், ஏழரைக்கு மாராத்தாள் வந்தாள், இரண்டு வீதி தள்ளி எருமை வைத்திருப்பவள், அருவாளோடு உட்கார்ந்து துவைக்கிற கல் பக்கமிருந்து அறுத்துக்கொண்டே போனாள், நான் சீமாற்றை வைத்துக்கொண்டு படியில் நின்றேன், பாதிக்கு வந்திருப்பாள், மீதிப் பாதி உள்ளுக்குள் ஒருமுறை குலுங்கியது, அப்புறம் அது எழுந்தது, புல்லே எழுந்து பறந்த மாதிரி ஒரே வீச்சில் எழுந்து கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்தது, கிட்டி கிட்டி என்று பேசிக்கொண்டது, பழுப்பு முதுகு, செதில் மார்பு, என் கையில் சீமாறு இருப்பது எனக்கு மறந்துபோனது. நிறுத்து மாராத்தா என்றேன், அவள் கம்பியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இதுகளுங்களா டீச்சர், நீங்க ஊருக்குப் போயி நாலு நா மழை பேஞ்சு தெனை மொளைச்சு கதிர் வாங்குனதுலருந்து இதுக இங்கயேதானுங்க கெடக்குது, என்றாள். தெனையா என்றேன், பின்ன என்னுங்க, இந்தத் தொங்கறதெல்லாம் தெனைக் கதிரு, நீங்க தட்டுல போட்டதைக் காக்கா எறைச்சதுதான், ஐயா தட்டுக் கழுவுன தண்ணியப் பூராவும் இதுலயே ஊத்துவாரு, வாசப்படியில உக்காந்து போன்ல எங்க வூடு வரைக்கும் கேக்கறாப்புல கத்திட்டிருப்பாரு, அதுக பாட்டுக்குத் தின்னுட்டிருக்கும், எருமைக்கு ஒரு கட்டுப் புல்லு குடுங்கன்னு கேட்டதுக்கு டீச்சர் வந்து பார்க்கட்டும் அப்பறம் பார்க்கலாம்னுட்டாரு. சத்தத்துக்குப் பறக்காதா மாராத்தா என்றேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. எதுக்குங்க பறக்குது, பழகுன சத்தம், நீங்கதான் தெனமும் வழிச்சு வழிச்சுக் கூட்டிப் போடுவீங்களே, அதுக எங்க போயி ஒளிஞ்சுக்கும், எதுல தொத்தித் திங்கும், பளபளன்னு தட்டைக் காமிச்சா வருமுங்களா, என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், அறுத்ததைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, மிச்சம் எப்பங்க என்றாள். இனிமேல் இல்லை என்றேன்.

எட்டு மாசமும் மூன்றரை மாசமும் அந்தப் படியில் என்னோடு வந்து நின்றன, இருவது இருக்கும் புள்ள என்று போனில் அவர் சொன்னது, நான் சொன்னது, தட்டு கழுவிய தண்ணீர் கொட்டிய சத்தம், செருப்பை மாட்டிக்கொண்டேன், வீட்டைப் பூட்டினேனா என்று தெரியவில்லை, பஸ் ஸ்டாப் பேக்கரிக்கு நடந்தேன். அது ஆம்பிளைகள் நிற்கிற இடம், இத்தனை வருஷத்தில் நான் அதன் வாசலில் நின்றதில்லை, பெஞ்சில் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார், கையில் டீ, மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க இவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனுங்க, என்றேன், பெஞ்சிலிருந்து அஞ்சு ஆம்பிளைகள் திரும்பினார்கள், எனக்கு வேண்டியவர் திரும்பவில்லை. ஏனுங்க என்று மறுபடி சொன்னேன், டீ ஆற்றுகிறவரும் திரும்பிவிட்டார், வேறு வழியில்லை, போய் அவர் தோளைத் தொட்டேன், நடுரோட்டில், பட்டப்பகலில். என்ன புள்ள, சாமிக்கு ஒண்ணுமில்லையே, என்று எழுந்துவிட்டார், உங்க சத்தமில்லீங்க, என்ற சீமாறுதானுங்க, என்றேன். என்ன புள்ள, கேக்குல, என்றார், பஸ் ஒன்று வந்து நின்று இரைந்தது, நான் இன்னும் கொஞ்சம் உயர்த்தி, குருவி வராததுக்கு நீங்க காரணமில்லீங்க, நான்தானுங்க, என்றேன். கண்ணைச் சுருக்கி என் உதட்டைப் பார்த்தார், படித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும், கண் கலங்கியதிலேயே தெரியும், ஆனாலும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸு சத்தத்துல ஒண்ணுமே கேக்குல புள்ள, என்றார், ஒரு ஓரத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது. தப்பு என்ற மேலதானுங்க, நான் சொன்னது தப்புங்க, என்று நான் கத்தினேன், பஸ் எஞ்சின் அந்த நேரம் பார்த்து அணைந்துபோக என் குரல் மட்டும் தனியாக ரோட்டில் நின்றது, டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, நாச்சிமுத்தண்ணா, அம்மிணி தப்பு அவிங்களோடதுங்கறாங்க, எங்களுக்கே கேட்டுப்போச்சு, உங்களுக்கு இன்னுமா கேக்குல, என்றார், பெஞ்சு முழுக்கச் சிரித்தது, எனக்கு முகம் எரியவில்லை, அதுதான் ஆச்சரியம், நானும் சிரித்தேன், அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆனால் குரல் அன்றே வந்துவிடவில்லை. நாற்காலியைப் பின்வாசலில் திரும்பப் போட்டேன், உட்கார்ந்தார், அறுத்த பாதி மொட்டையாகவும் அறுக்காத பாதி காடாகவும் கிடந்தது, மத்தியானத்துக்குள் குருவிகள் காட்டுப் பாதிக்கு வந்துவிட்டன, பேசுங்க, சும்மா பேசுங்க என்றேன், வேண்டாம் புள்ள, வந்துருக்குது, என்று காற்றாகச் சொன்னார், போன் வந்தால் உள்ளே போய்ப் பேசினார், எட்டு மாசம் மடக்கி வைத்த குரலை நான் பிரி என்றால் பிரியுமா, நான் இல்லாதபோது தானாகப் பிரிந்தது நான் வந்ததும் மடங்கிக்கொண்டது, இனி இப்படியேதானா என்று புதன்கிழமை முழுக்க அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை கார் வந்தது, ஆரத்தி எடுத்தோம், சம்பந்தியம்மா வீட்டைச் சுற்றி வந்து பின்வாசலில் நின்று, ஏனுங்க, பொடக்காலி காடாட்டக் கெடக்குது, பாதி அறுத்து ஆளு ஓடிப்போச்சுங்களா, என்று கேட்டார்கள், இல்லீங்க, வேணும்னேதான் உட்டுருக்கறோம், என்றேன், அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், பார்த்தால் பார்க்கட்டும். அப்போது உள்ளே பேரன் விழித்துக்கொண்டான், பசி, ஆரம்பமே உச்சத்தில் ஆரம்பித்தான், ஒரு மாசத்துக் குழந்தைக்கு அப்படியொரு தொண்டை, சம்பந்தியம்மாவே காதைப் பொத்திக்கொண்டார்கள், சுகந்தி தூக்கி ஆட்டுகிறாள், அடங்கவில்லை, இவர் போய் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தார், அவன் இன்னும் ஓங்கிக் கத்தினான், நானும் இவரும் ஒரே நேரத்தில் தினையைப் பார்த்தோம், ஒன்றுகூட அசையவில்லை, உமியைத் துப்பிக்கொண்டே இருந்தன. அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், டேய், என்ற தொண்டைடா, என்ற தொண்டையேதான்டா உனக்கு, என்று கூரை அதிரக் கத்தினார், பழைய குரல், ரயில்வே கேட் வரைக்கும் ஓடிய குரல், சம்பந்தியம்மா பதறித் திரும்பினார்கள், ஒண்ணுமில்லீங்க, கொஞ்சறாருங்க, என்றேன்.

இன்று எத்தனாவது நாள், பத்தா, இருபதா, தை பிறந்துவிட்டது, கதிர்களில் பாதி வெறும் கூடு, உதிர்ந்தது அறுத்த பாதியில் பச்சைப் பச்சையாக முளைத்துவிட்டது, முளைத்ததை நான் கெல்லவில்லை, நான் இங்கே ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்கிறேன், பழக்கம், அவர் பின்வாசலில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு பேப்பர் முழுவதையும் அவனுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார், வெங்காய விலை, பஸ் மறியல், எதற்கும் குருவிகள் நிமிரவில்லை, எத்தன புள்ள இன்னைக்கு என்று அங்கிருந்தே கேட்கிறார், எண்ணுகிறேன், பால் பொங்கும் வாசனை வருகிறது, பொங்கட்டும், மறுபடி எண்ணுகிறேன், ஜன்னலை முழுசாகத் திறந்து, இருவத்தி நாலுங்க, என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன், அத்தனையும் விருட்டென்று எழுந்தன, கம்பிக்குப் போய்விட்டன, அவர் அங்கே விழுந்து விழுந்து சிரிக்கிறார், உன்ற சத்தம் அதுகளுக்குப் புதுசு புள்ள, பழகோணும், என்கிறார், பேரனும் என்னமோ சொல்கிறான், நான் ஜன்னலைச் சாத்தவில்லை, முதலில் ஒன்று இறங்கியது, என்னை ஒருமுறை சாய்ந்து பார்த்துவிட்டுத் தொற்றியது, கதிர் வளைந்தது, பிறகு இரண்டு, பிறகு ஆறு, நாளைக்கும் கத்த வேண்டும்.